ஃபிட்டர், வெல்டர் பிரிவுகளுக்குப் பெண் பிள்ளைகளைக் கொண்டுவர ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி: என்ன செய்யலாம்?

கெடிலக்கரை:

வணக்கம். கடலூர் பக்கம் ஒரு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவுப் பயிற்றுநர் நான். ஒரு நாள் பயிற்சி நடத்தும் பொறுப்பை எங்கள் முதல்வர் என் தலையில் கட்டியிருக்கிறார். வரப்போகிறவர்களில் பாதிப் பேர் சுற்றுவட்டார அரசுப் பள்ளிகளின் ஒன்பது, பத்தாம் வகுப்பு ஆசிரியர்கள். மீதிப் பாதி எங்கள் பயிற்றுநர்களும் பக்கத்து ஐ.டி.ஐ.க்காரர்களும். பெண்கள் வழக்கமாக எட்டிப்பார்க்காத தொழிற்பிரிவுகளுக்கு அவர்களை வரவழைப்பது எப்படி என்பதுதான் தலைப்பு.

நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பிரிவும் தையல் பிரிவும் பெண்களால் நிரம்பிவிடும். சிவில் படவரைவாளர் பிரிவுக்கும் வருகிறார்கள். எலக்ட்ரீஷியனில் ஓரிருவர். ஃபிட்டர், டர்னர், வெல்டர், மோட்டார் மெக்கானிக், ஏ.சி. மெக்கானிக் என்றால் சில வருஷம் ஒருத்தி, பல வருஷம் யாருமில்லை. பெண்களுக்கு 30 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. ஆள் வராததால் அந்த இடங்கள் கடைசிக் கட்டத்தில் பையன்களுக்குப் போய்விடும். அப்புறம் "பெண்களிடம் ஆர்வம் இல்லை" என்று அறிக்கையில் ஒரு வரி எழுதி முடித்துக்கொள்வோம்.

இந்த மாதிரித் தலைப்பில் நான் போய் உட்கார்ந்த பயிற்சிகள் எல்லாம் ஒரே அச்சு. குத்துவிளக்கு, கல்பனா சாவ்லா படம், "பெண்களால் முடியாதது எதுவுமில்லை" என்று ஒரு மணி நேரப் பேச்சு, சாம்பார் சாதம், சான்றிதழ். பெண்களால் முடியுமா என்று இந்த மாவட்டத்தில் யாரும் கேட்கவே இல்லையே. பண்ருட்டியில் கை புண்ணாக முந்திரி உடைப்பவர்கள் யார்? கட்டட வேலையில் செங்கல் சுமப்பவர்கள் யார்? சுமக்க முடியும், ஆனால் கரண்டி மட்டும் கொத்தனார் கையில்தான் இருக்கும்.

அந்த ஒரு நாளை எப்படிச் செலவழிப்பது? பள்ளி ஆசிரியர்களையும் பயிற்றுநர்களையும் சேர்த்து உட்கார வைப்பதா, பிரிப்பதா? யாரைக் கூப்பிடுவது? உள்ளே இருந்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மஞ்சக்குப்பம் டீச்சர்:

தம்பி, பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் பயிற்சிக்கு வரும் ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஐ.டி.ஐ. வாசலை மிதித்திருக்க மாட்டார்கள். எங்கள் ஊழியர் அறையில் ஐ.டி.ஐ. என்றால் கடைசி பெஞ்ச் பையனை அனுப்பும் இடம். நன்றாகப் படிக்கும் பெண்ணிடம் அந்தப் பேச்சை எடுத்தால் தன்னை மட்டம் தட்டுவதாக நினைப்பாள். சுமாராகப் படிக்கிறவளுக்கு நர்சிங், அதுவும் முடியாவிட்டால் பி.ஏ. இதற்கு மேல் எங்களில் பலருக்கு வழி தெரியாது. தெரியாததை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஆகவே கையில் விவரத்தைக் கொடுங்கள். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, காலணி, புத்தகம், வரைபடக் கருவிகள், பஸ் பாஸ் எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும். 2022 செப்டம்பரில் தொடங்கியபோது அரசுப் பள்ளிகளுக்கு மட்டும் இருந்தது, 2024 டிசம்பரிலிருந்து அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. காலேஜுக்குத்தான் அந்தப் பணம் என்று எங்கள் தெருவில் பாதிப் பேர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐ.டி.ஐ.க்கும் டிப்ளமோவுக்கும் சேர்த்துத்தான்.

அப்புறம், "பிளஸ் டூ போச்சே" என்பதுதான் அம்மாக்களின் முதல் புலம்பல். பத்தாவது முடித்து இரண்டு வருஷ ஐ.டி.ஐ. படித்தவர்கள் தமிழ், ஆங்கிலத் தேர்வு மட்டும் எழுதினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணைச் சான்று வாங்கலாம். பாலிடெக்னிக் போக நினைத்தால் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். கதவு மூடவில்லை என்று தெரிந்தால்தான் அம்மா உட்கார்ந்து பேசுவாள். இது என் அனுபவம்.

இன்னொன்று, ரிசல்ட் வந்த பிறகு எங்களிடம் வராதீர்கள். அதற்குள் எல்லா வீட்டிலும் மாமா ஒருவர் முடிவெடுத்துவிட்டிருப்பார். அரையாண்டு பேப்பர் கொடுக்க அம்மாக்களைக் கூப்பிடுவோமே, அப்போதே இந்தப் பேச்சு நடந்திருக்க வேண்டும்.

சேதராப்பட்டு ஸ்பேனர்:

சார், நான் ஃபிட்டர் முடித்தவள். இப்போது சேதராப்பட்டு பக்கம் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸில் இருக்கிறேன். பூர்வீகம் ரெட்டிச்சாவடி பக்கம். கல்யாணம் ஆகி, பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் ஐ.டி.ஐ. போனேன். டீச்சரம்மா சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று. தமிழ்நாட்டில் ஐ.டி.ஐ. சேர ஆண்களுக்கு 40 வயது வரைதான். பெண்களுக்கு உச்ச வரம்பே கிடையாது. பதினைந்து வயதுப் பிள்ளைகளை மட்டும் ஏன் தேடுகிறீர்கள்? அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கே முப்பத்தைந்துதான் இருக்கும்.

ஐ.டி.ஐ.க்கு முன்னால் வேறொரு கம்பெனியில் லைனில், அதாவது வரிசையாக நின்று பொருளை இணைக்கும் வேலையில், நின்றேன். நாட்டில் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் பத்துக்கு நாலு பேர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் ஃபேக்டரிக்குப் போகமாட்டார்கள் என்று யாராவது சொன்னால் விடியற்காலையில் கடலூர் ஆல்பேட்டையில் நின்று கம்பெனி வேன்களைப் பார்க்கச் சொல்லுங்கள். நான் நின்ற லைன் முழுக்கப் பெண்கள். மெஷின் நின்றுவிட்டால் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவோம், ஒரு பையன் ஸ்பேனரோடு வருவான். மீசைகூடச் சரியாக முளைத்திருக்காது. சென்சாரைத் துடைப்பான், பெல்ட்டை இழுத்துக் கட்டுவான், போய்விடுவான். எங்களைவிடச் சம்பளம் அதிகம். நாங்கள் கான்ட்ராக்ட், அவன் கம்பெனி ரோல். பாத்ரூம் போக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அவன் படித்தது இரண்டு வருஷ ஐ.டி.ஐ. அவ்வளவுதான்.

பள்ளி ஆசிரியர்கள் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் போதும். சாதனை, சரித்திரம் ஒன்றும் வேண்டாம். லைனில் நிற்கப்போகிறாயா, லைன் நின்றால் உன்னைக் கூப்பிட வேண்டுமா என்று கேட்கச் சொல்லுங்கள். அக்காவோ அத்தையோ வேனில் போகிற வீட்டுப் பிள்ளைக்கு இது உடனே புரியும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. தனி ஒருத்தியைச் சேர்க்காதீர்கள்.

என் பேட்ச்சில் நான் மட்டும்தான் பெண். வயதில் மூத்தவள், வாயும் கொஞ்சம் ஜாஸ்தி, தாக்குப்பிடித்தேன். எனக்கு முந்தைய பேட்ச்சில் ஒரு பெண் தீபாவளி லீவுக்குப் போனவள் திரும்பவே இல்லை. அவளை யாரும் எதுவும் சொல்லவில்லை என்று பயிற்றுநர் சத்தியம் செய்வார். உண்மைதான். யாரும் அவளிடம் எதுவுமே பேசவில்லை, தொந்தரவே அதுதான். ஃபைல் (அரம்) தேய்க்கும்போது மூலை சரியாக வரவில்லை என்றால் பக்கத்து வைஸில் (இரும்பைப் பிடித்து நிறுத்தும் இடுக்கி) கேட்க ஆள் வேண்டும். ஒரு பையனிடம் இரண்டு நாள் சேர்ந்தாற்போலக் கேட்டால் மூன்றாம் நாள் இருவர் பேரையும் பாத்ரூம் சுவரில் எழுதிவிடுவார்கள். அவள் யாரிடம் கேட்பாள்?

பிரிவுக்கு ஒரு பெண் என்று பரப்பிப் போட்டால் உங்கள் அறிக்கையில் "எல்லாத் தொழிற்பிரிவுகளிலும் மகளிர்" என்று அழகாக வரும். வருஷக் கடைசியில் எல்லா இடமும் காலியாகும். ஒரே பிரிவில், ஒரே பேட்ச்சில் நாலைந்து பேர் உட்கார வேண்டும். இந்த வருஷம் வெல்டர் என்றால் வெல்டரில் மட்டும் முயற்சி செய்யுங்கள், ஃபிட்டரை அடுத்த வருஷம் பார்க்கலாம். ஒரே பள்ளியிலிருந்து ஒரே பஸ்ஸில் வரும் தோழிகள் என்றால் இன்னும் நல்லது. அம்மாவுக்கும் நிம்மதி, பஸ்ஸை விட்டுவிட்டால்கூடக் கூட ஒருத்தி நிற்பாள். ஆசிரியர்களிடம் "ஒரு பெண்ணை அனுப்புங்கள்" என்று கேட்காதீர்கள். "மூன்று பேருக்குக் குறைந்தால் வேண்டாம்" என்றே சொல்லுங்கள்.

அந்த நாளைப் பற்றிக் கேட்டீர்கள். காலையில் பேச்சே வேண்டாம். பள்ளி ஆசிரியர்கள் கையில் வெல்டிங் ஹோல்டரைக் கொடுங்கள். 6 மி.மீ. பிளேட், 3.15 மி.மீ. ராடு, 110 ஆம்பியர். பற்றவைக்கும்போது ராடு ஒட்டிக்கொள்ளும். டீச்சருக்கும் ஒட்டும், சாருக்கும் ஒட்டும், தலைமையாசிரியருக்கும் ஒட்டும், ராடுக்கு ஆண் பெண் தெரியாது. கொஞ்ச நேரத்தில் கோணல்மாணலாக ஒரு பீடு (உருகி இறுகிய உலோகக் கோடு) விழும். சுத்தியால் மேலே படிந்த கசடான ஸ்லாக்கைத் தட்டிவிட்டு உள்ளே பளபளவென்று பார்க்கும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள், உங்கள் பயிற்சி முடிந்தது. நாளைக்கு ஒரு பிள்ளை "கஷ்டமா டீச்சர்?" என்று கேட்டால் கையேட்டைப் புரட்ட மாட்டார், "நானே செஞ்சேன்டி" என்பார்.

அம்மாக்களின் பயத்துக்கும் அங்கேயே பதில் கிடைக்கும். வெல்டிங் என்றதும் இரண்டு கேள்விதான் வரும்: கண் போய்விடுமா, பிள்ளை கறுத்துப்போவாளா? வெறும் கண்ணால் ஆர்க்கைப் பார்த்தால் ராத்திரி கண்ணில் மணல் கொட்டிய மாதிரி உறுத்தும், அதில் வரும் புற ஊதாக் கதிர் அப்படி. முகக்கவசத்தில் 10, 11ஆம் நம்பர் கண்ணாடி போட்டுப் பார்த்தால் ஒன்றும் ஆகாது. தோலுக்கும் அதே கதிர்தான் பகை. முழுக்கை பருத்திச் சட்டை, லெதர் ஏப்ரன், கையுறை. இதை டீச்சர் கவசத்தைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னால் எடுபடும்.

பயிற்றுநர்களுக்கு மதியம் தனியாக வையுங்கள். பள்ளிக்காரர்கள் முன்னால் சொன்னால் முறைத்துக்கொள்வார்கள். அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். என்னைக் கெடுத்தது முரட்டுப் பயிற்றுநர் இல்லை, நல்ல மனசுக்காரர்தான். "நீ தள்ளும்மா, தம்பி பண்ணட்டும்." டிரில் சக்கை இறுக்கப் போனால் தம்பி. பவர் ஹேக்ஸாவில் ராடு ஏற்றப் போனால் தம்பி. எனக்கு என்ன வேலை தெரியுமா? டூல் ரூமில் ரெஜிஸ்டர் எழுதுவது, பையன்களுக்கு ரெக்கார்ட் நோட்டில் படம் போட்டுக் கொடுப்பது, கையெழுத்து நன்றாக இருக்கிறதாம். முதல் வருஷம் முடியும்போது நோட்டு நிறைந்திருந்தது, கை நிறையவில்லை. தப்பாகச் செய்தால் இன்னொரு துண்டு இரும்பை எடுத்து அதில் செய்து காட்டட்டும். அவள் கையில் இருக்கும் ஃபைலைப் பிடுங்கக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் மதியம் முழுக்கச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

சின்னச் சின்னதும் இருக்கிறது. வைஸின் மேல்மட்டம் முழங்கை உயரத்துக்கு வர வேண்டும் என்று நீங்களே பாடம் எடுக்கிறீர்கள், ஆனால் ஐந்தடிப் பெண்ணுக்கு நிற்க ஒரு மரப்பலகை போடுவதில்லை. தோளில் இருந்து ஃபைல் தள்ளினால் வலிக்கத்தான் செய்யும், "பெண்ணுக்கு பலம் இல்லை" என்பார்கள். சேஃப்டி ஷூ 4, 5 நம்பரில் வாங்குங்கள், பெரிய ஷூவுக்குள் துணி அடைத்துக்கொண்டு நான் நடந்திருக்கிறேன். லேத் பக்கத்தில் துப்பட்டா கூடாது, அதற்குச் சட்டை-பேண்ட் சீருடை முதல் நாளே கையில் இருக்க வேண்டும். டாய்லெட் ஆபீஸ் பில்டிங்கில் இருக்கிறது என்று சொல்லாதீர்கள், ஒர்க்‌ஷாப் பக்கத்தில், தாழ்ப்பாளோடு, குப்பைக்கூடையோடு வேண்டும். டீச்சர்களை அந்த டாய்லெட்டைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். மறுநாளே சரியாகிவிடும்.

கேம்பஸுக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிக்காரரிடம் "பெண்களை எடுப்பீர்களா சார்?" என்று உங்கள் ஆட்கள்தான் முதலில் கேட்கிறார்கள். கேட்டால் யோசிக்கத்தான் செய்வார். மார்க் வரிசையில் பட்டியலைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள்.

பாகூர் ஏரிக்கரை:

எல்லாம் படித்தேன். என் மகள் பத்தாவது படிக்கிறாள், அதனால் கேட்கிறேன், கோபப்பட வேண்டாம். ஸ்பேனர் சகோதரி சொல்வது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மெயின்டனன்ஸ் என்றால் மூன்று ஷிஃப்ட். ராத்திரி இரண்டு மணிக்கு மெஷின் நின்றால் ஆண்கள் நடுவில் என் பிள்ளை தனியாக நிற்க வேண்டுமா? நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் வெல்டர் என்று சொல்ல முடியுமா? இன்னொன்று, நாங்கள் புதுச்சேரிக்காரர்கள். டீச்சர் சொன்ன அந்த 1,000 ரூபாய் எங்களுக்கு உண்டா?

மஞ்சக்குப்பம் டீச்சர்:

கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன் ஐயா. இல்லை. அது தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கான திட்டம். உங்கள் பக்கத்தில் எல்லை தெருவுக்குத் தெரு மாறுவதால் குழப்பம் வரும். வீடு எங்கே இருக்கிறது என்பதைவிடப் பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தாள் என்று பார்ப்பார்கள். கெடிலக்கரைத் தம்பி இதைப் பயிற்சியில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு ஆசிரியர் ஆசை காட்டி, பணம் வராமல், அந்தப் பெயர் உங்கள் ஐ.டி.ஐ.க்கு வரும். மற்றபடி புதுச்சேரியிலேயே பெண்களுக்கென்று அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, லாஸ்பேட்டையில் மகளிர் பாலிடெக்னிக் இருக்கிறது, அங்கேயும் விசாரியுங்கள்.

சேதராப்பட்டு ஸ்பேனர்:

கோபமெல்லாம் இல்லை அண்ணா. எங்கள் அப்பா கேட்டதைவிட மரியாதையாகக் கேட்டிருக்கிறீர்கள்.

1948 தொழிற்சாலைச் சட்டம் ராத்திரி 7 மணியிலிருந்து காலை 6 மணி வரை பெண்கள் வேலை செய்யக் கூடாது என்றது. அந்தப் பிரிவு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது, கூடவே பாதுகாப்புக்கும் நிபந்தனைகள் போட்டது. இப்போது வந்திருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் பெண் சம்மதித்தால் மட்டும் இரவு ஷிஃப்ட் என்கிறது. உங்கள் மகள் மாட்டேன் என்று சொல்லலாம். நான் பெரும்பாலும் பகல்தான். ராத்திரி போகும்போது மூன்று பேர் குழுவாகப் போவோம், வண்டி வீட்டு வாசலுக்கு வரும், வராவிட்டால் போகமாட்டேன். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடம் எதுவானாலும், பாலியல் தொந்தரவைத் தடுக்கும் 2013 சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும், ஐ.டி.ஐ.யும் சேர்த்துத்தான். சேர்க்கும்போதே அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். தலையைச் சொறிந்தால் வேறு இடம் பாருங்கள்.

இதோடு இன்னொரு சாக்கும் உங்கள் காதுக்கு வரும்: "சட்டப்படி பெண்கள் மெஷினைத் தொடக் கூடாது." பழைய சட்டத்தின் 22ஆம் பிரிவை அரைகுறையாகக் கேட்டவர்கள் சொல்வது. ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தின் சுழலும் பாகங்களைப் பெண்கள் துடைக்கவோ எண்ணெய் போடவோ சரிசெய்யவோ கூடாது என்றுதான் அதில் இருந்தது. மின்சாரத்தை நிறுத்தி, பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டு வேலை செய்வதற்கு யாருக்கும் தடை இருந்ததில்லை. ஓடுகிற மெஷினில் கைவிடுவது ஆம்பளைக்கும் வேண்டாத வேலை.

கம்பெனியே வேண்டாம் என்றால் ஊருக்குள் வேலை இருக்கிறது. பகலில் வீட்டில் இருப்பது பெண்கள்தான். மிக்ஸி, மோட்டார், ஏ.சி., ஒயரிங் பார்க்க ஒரு பெண் வந்தால் பயமில்லாமல் கதவைத் திறக்கிறார்கள். என் கூட்டாளி ஒருத்தி எலக்ட்ரீஷியன் முடித்து அரியாங்குப்பத்தில் அப்படித்தான் பிழைக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகூட அவள் போன் எடுப்பதில்லை, அவ்வளவு வேலை.

மாப்பிள்ளை விஷயத்தில் எனக்கு அனுபவம் இல்லை, என் கல்யாணம் முன்பே முடிந்துவிட்டது. ஆனால் நர்ஸுக்கும் நைட் ஷிஃப்ட் உண்டு. மகளை நர்சிங் சேர்க்கும் எந்த அப்பாவும் பெண் பார்க்க வருகிறவர்களை நினைத்துத் தயங்கி நான் பார்க்கவில்லை.

லாஸ்பேட்டை வரைபலகை:

பாலிடெக்னிக்கில் டிராயிங் எடுக்கிறேன். சேர்ப்பது பற்றியே பேசுகிறீர்கள், சேர்ந்த பெண் முதலில் எங்கே தடுக்கி விழுகிறாள் என்று ஒரு வார்த்தை. முன் தோற்றம், மேல் தோற்றம், பக்கத் தோற்றம் மூன்றையும் பார்த்துப் பொருளை மனதுக்குள் திருப்பிப் பார்ப்பதில்தான். பல பயிற்றுநர்கள் இது பிறவியிலேயே வர வேண்டும் என்று நம்புகிறார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் டெக் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சோர்பி என்ற பேராசிரியை 1993இல் இதற்கென்று ஒரு சிறு பாடமே ஆரம்பித்தார். முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு தேர்வு வைத்து, அதில் பின்தங்கியவர்களைச் சேர்த்துக்கொண்டார். அப்படிப் பின்தங்கியவர்களில் பெண்களின் விகிதம் அதிகம். சிறு கட்டைகளை அடுக்கி நாலா பக்கமும் பார்த்து வரைவது, மடிப்பது, வெட்டுமுகம் கற்பனை செய்வது, இவ்வளவுதான் பாடம். மதிப்பெண் ஏறியது, பொறியியலை விட்டுப் போகாமல் தங்கியவர்களும் கூடினார்கள். நம் ஊரில் சோப்புக்கட்டியை வெட்டி வைத்துச் செய்தாலே போதும், நான் செய்கிறேன்.

அதே அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் முதலாண்டில் 1995இல் பெண்கள் 7 சதவீதம்தான். 2000இல் 42. அங்கே செய்த வேலைகளில் ஒன்று, பள்ளிக் கணினி ஆசிரியர்களுக்குக் கோடைப் பயிற்சி. இன்னொன்று, முன்பே புரோகிராம் எழுதிப் பழகியவனையும் புதிதாக வருகிறவளையும் ஒரே தொடக்க வகுப்பில் போடாமல் அனுபவத்துக்குத் தக்கபடி பிரித்தது. பையன்கள் மெக்கானிக் கடையில் டி.வி.எஸ். 50ஐப் பிரித்துவிட்டு வருகிறார்கள், பெண்ணுக்கு ரிங் ஸ்பேனருக்கும் பாக்ஸ் ஸ்பேனருக்கும் வித்தியாசம் தெரியாது. முதல் மாதம் கருவிகளைத் தொட்டே பார்க்காதவர்களுக்குத் தனிநேரம் கொடுங்கள். பெண்களுக்கு மட்டும் என்று பெயர் வைக்காதீர்கள், கருவி பிடிக்காத பையன்களும் இருக்கிறார்கள், அவர்களும் வாய்திறக்க மாட்டார்கள்.

வில்லியனூர் பழசு:

அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்து ஆள் நான். தனி ஒருத்தியைச் சேர்க்காதே என்று அந்தம்மா சொன்னதும் புதுக்கோட்டை ஞாபகம் வந்தது. 1990களின் தொடக்கத்தில் அங்கே கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அறிவொளி இயக்கத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். கேலி செய்தவர்கள் இருக்கத்தான் செய்தார்கள். ஒருத்தி ஓட்டியிருந்தால் அந்தக் கேலியிலேயே இறங்கியிருப்பாள், ஊரே ஓட்டியது. அதே மாவட்டத்தில் கல் குவாரிகளையும் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். அதுவும் குழுவுக்குத்தான்.

ஒரு மறுப்பும் உண்டு. ஆசிரியர்களைப் பயிற்சிக்குக் கூப்பிடுகிறீர்கள், சரி. அம்மாக்கள் ஒர்க்‌ஷாப்பைப் பார்ப்பது எப்போது? ஆசிரியர் போய் ஆயிரம் சொன்னாலும் அவர்கள் மனதில் ஓடுவது கரிபடிந்த லேத் பட்டறைதான். ஒரு சாயங்காலம் வேன் வைத்து அழைத்து வாருங்கள். இதற்குப் பணம் இல்லை என்று உங்கள் முதல்வர் சொல்வார், குத்துவிளக்குச் செலவை நிறுத்துங்கள்.

கெடிலக்கரை:

எல்லோருக்கும் நன்றி. முதல்வரிடம் பேசிவிட்டேன். காலையில் பள்ளி ஆசிரியர்கள், மதியம் பயிற்றுநர்கள் என்று பிரிக்க ஒத்துக்கொண்டார். எலக்ட்ரீஷியன் பக்கம் ஆளுக்கு ஒரு போர்டில் மாடிப்படி விளக்கு ஒயரிங் செய்ய வைக்கப்போகிறேன், இரண்டு சுவிட்ச், ஒரு பல்பு. வெல்டிங்குக்கு மட்டும் தயங்குகிறார். டீச்சர்கள் எல்லாம் புடவையில் வருவார்கள், தீப்பொறி பட்டால் யார் பதில் சொல்வது என்கிறார். அவர் கேட்பதும் நியாயம்தான்.

மூன்று பேருக்குக் குறைந்தால் வேண்டாம் என்பதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. "வருகிற ஒருத்தியையும் திருப்பி அனுப்பச் சொல்கிறாயா?" என்றார். எனக்கும் அதில் முழுத் தெளிவு இல்லை. ஸ்பேனர் மேடம், வந்த ஒருத்தியை என்ன செய்வது? முடிந்தால் அன்றைக்கு நீங்கள் வர முடியுமா?

சேதராப்பட்டு ஸ்பேனர்:

மேடம் எல்லாம் வேண்டாம் சார், அக்கா என்றே சொல்லுங்கள்.

வந்த ஒருத்தியைத் திருப்பி அனுப்பாதீர்கள். அவளிடம் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, "உன் வகுப்பில் இன்னும் யாருக்கு விருப்பம், கூட்டிக்கொண்டு வா" என்று அனுப்புங்கள். சேர்க்கை முடிய நாள் இருக்கும். அவளைவிட நல்ல ஆள் பிடிக்கிறவர் உங்களுக்குக் கிடைக்க மாட்டார். அப்படியும் யாரும் வராவிட்டால், பெண்கள் இருக்கும் வேறு பிரிவில் சேர விருப்பமா என்று அவளையே கேளுங்கள். இல்லை, எனக்கு வெல்டர்தான் வேண்டும் என்றால் அவள் என்னை மாதிரி வாய் உள்ளவள், சேர்த்துக்கொள்ளுங்கள்.

புடவை விஷயத்தைச் சுற்றறிக்கையிலேயே போடுங்கள்: பருத்தி உடை, மூடிய காலணி, முடிந்தால் சுடிதார். நைலக்ஸ், சிந்தடிக் புடவை கட்டி வருகிறவர்கள் வெல்டிங் பக்கம் வர வேண்டாம், உங்கள் ஒயரிங் போர்டில் உட்காரட்டும். பருத்திப் புடவையில் வருகிறவர்கள் முந்தானையைச் சொருகி, மேலே லெதர் ஏப்ரன், கைக்கு ஸ்லீவ் கட்டாமல் ஹோல்டரைத் தொடக் கூடாது. ஒரு நேரத்தில் இரண்டு பேர், பக்கத்தில் ஒரு பயிற்றுநர். வேடிக்கை பார்க்கிறவர்களுக்கும் கண்ணாடி வேண்டும், அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

நான் வருகிறேன், ஆனால் தனியாக வரமாட்டேன். நான் மட்டும் மேடையில் நின்றால் நானும் உங்கள் கல்பனா சாவ்லா படம் ஆகிவிடுவேன். அரியாங்குப்பத்துக்காரியையும் எங்கள் கம்பெனியில் புதிதாக அப்ரன்டிஸ் சேர்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்து வருகிறேன். ஷிஃப்ட் மாற்ற வேண்டும், அதனால் தேதியை ஒரு மாதம் முன்னால் சொல்லுங்கள், கம்பெனிக்கு முதல்வர் கையெழுத்தோடு ஒரு கடிதமும் வேண்டும். அப்ரன்டிஸ் பிள்ளைகளுக்கு அன்றைய சம்பளம் பிடிக்கக் கூடாது என்று அதில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.